யசுஜிரோ ஓசுவும் சிங்கப்பூரும்: திரையில் நின்ற வீட்டுமொழி



தேக்காச் சந்தையிலிருந்து சிலிகி சாலை வழியாகத் தெற்கு நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் ஹேண்டி சாலையை அடையலாம். அங்கே நிற்பது கேத்தே கட்டடம். அதன் திரையரங்கு 1939-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பழைய கட்டடத்தில் இன்று எஞ்சியிருப்பது முகப்பு மட்டுமே. 1943-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தற்காலிக ஆசாத் ஹிந்த் அரசை அறிவித்தது அந்த அரங்கில்தான். இச்செய்தியை நம் மாணவர்கள் வரலாற்றுப் பாடத்திலோ வீட்டுப் பெரியவர்கள் வாயிலாகவோ அறிந்திருப்பர்.

அதே ஆண்டில் ஜப்பானியத் திரைப்பட இயக்குநர் ஒருவர் இந்நகருக்கு வந்து சேர்ந்தார். இந்திய விடுதலைப் படையைப் பற்றி ஒரு திரைப்படம் எடுக்க வேண்டும் என்பது அவருக்கு இராணுவம் இட்ட பணி. அவர் பெயர் யசுஜிரோ ஓசு. அந்தப் படம் முடிவுபெறவில்லை. எடுத்த பகுதிகளும் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இங்கிருந்துவிட்டு நாடு திரும்பிய அவர், அதன்பின் எடுத்த படங்களால் உலகத் திரைப்பட வரலாற்றில் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறார்.

நாம் மொழியியலைக் கற்றும் கற்பித்தும் ஓய்வு பெற்றிருக்கிறோம்; திரைப்படத் திறனாய்வு நம் துறையன்று. ஆயினும் ஓசுவின் படங்களைப் பார்க்குந்தோறும் மொழியியலாளர்க்குரிய ஒரு பொறாமை நம்முள் எழுகிறது. ஒரு சமுதாயம் தன் வீட்டுக்குள் எவ்வாறு பேசிக்கொண்டது என்பதை முப்பத்தைந்து ஆண்டுக்காலம் அவர் திரையில் ஏற்றி வைத்தார். அதே காலத்தில் இத்தீவில் வாழ்ந்த தமிழர் தம் வீடுகளில் எவ்வாறு பேசினர் என்பதற்கு நம்மிடம் என்ன சான்று உண்டு? இவ்வினாவை முன்வைப்பதற்காகவே ஓசுவின் வாழ்வை இன்று எடுத்துக்கொண்டோம்.

ஆசிரியராக ஓராண்டு

ஓசு 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் டோக்கியோவின் ஃபுக்காகாவா வட்டாரத்தில் பிறந்தார். தந்தையார் உரவணிகர். சிறுவனுக்கு ஒன்பது வயதானபோது, தாயும் பிள்ளைகளும் தந்தையின் சொந்த ஊராகிய மட்சுசாக்காவுக்கு அனுப்பப்பட்டனர். தந்தை மட்டும் தொழிலின் பொருட்டுத் தலைநகரிலேயே தங்கினார். வீட்டில் தந்தை இல்லாத அந்த ஆண்டுகள் பின்னாளில் தந்தையரைப் பற்றியே பல படங்களை எடுத்த ஒருவரின் இளமை ஆண்டுகள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

மாணவராக அவர் சிறந்து விளங்கவில்லை. பாடத்தைவிடத் திரைப்படக் கொட்டகையே அவரை ஈர்த்தது. பள்ளி முடித்தபின் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப்பள்ளியில் ஓராண்டு துணையாசிரியராகப் பணியாற்றினார். இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி. வகுப்பறைக் குறும்புகளையும், சிறுவர் கூட்டத்தின் தலைமைப் போட்டிகளையும், பிள்ளைகள் பெரியவர்களை எடைபோடும் பார்வையையும் அவர் படங்களில் காணும்போது அந்த ஓராண்டு வீண்போகவில்லை என்று தோன்றும்.

1923-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஷோச்சிகு நிறுவனத்தில் ஒளிப்பதிவு உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்த மாதமே பெரும் நிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் உதவி இயக்குநரானார். அவர் இயக்குநரான கதையைத் திரைப்பட அன்பர்கள் சுவையுடன் கூறுவர். படப்பிடிப்பு நிலையத்தின் உணவகத்தில் பசியோடு வரிசையில் காத்திருந்தபோது, தமக்குரிய கறிச்சோறு முறை தவறி ஓர் இயக்குநருக்குப் போனதாம். வெகுண்டெழுந்த இளைஞர் கைகலப்பில் இறங்கினார். நிலையத் தலைவர் ஷிரோ கிடோ அவரை அழைத்து விசாரித்தார். அந்தச் சந்திப்பிலிருந்தே ஓசு கதை எழுதி இயக்கும் வாய்ப்புத் திறந்தது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்து வழியாக ஜப்பானுக்குச் சென்ற கறிக்கு இவ்வாறு ஜப்பானியத் திரைப்பட வரலாற்றிலும் ஒரு சிறு பங்கு உண்டு.

முதற்படம் 1927-இல் வெளிவந்தது. இன்று அதன் படி கிடைக்கவில்லை. அவ்வாண்டு தொடங்கி 1932 முடிய அவர் இயக்கியவை 26 படங்கள். வாழ்நாளில் இயக்கியவை ஐம்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மூன்று தவிர ஏனைய அனைத்தும் ஒரே நிறுவனத்திற்காக எடுக்கப்பட்டவை. தொடக்ககாலப் படங்கள் பல அழிந்துபோயின. எஞ்சியவற்றுள் 1932-இல் வந்த ‘பிறந்தேன், ஆனால்...’ என்னும் ஊமைப்படம் குறிப்பிடத்தக்கது. தம் தந்தை மேலதிகாரியின் முன் கோமாளிபோல் நடந்துகொள்வதைக் கண்டு வெட்கி உண்ணாநோன்பு இருக்கும் இரு சிறுவர்களின் கதை அது. பேசும் படத்திற்கு ஓசு உடனே மாறவில்லை. அவரது முதற் பேசும்படமான ‘ஒரே மகன்’ 1936-இல்தான் வந்தது. பேச்சைப் பயன்படுத்த இவ்வளவு தயங்கிய ஒருவரே பின்னர் பேச்சின் நுட்பங்களைப் பதிவு செய்தவர்களுள் தலைசிறந்தவர் ஆனார்.

போர் அவரையும் விட்டுவைக்கவில்லை. 1937-இல் படையில் சேர்க்கப்பட்டுச் சீனாவுக்கு அனுப்பப்பட்டார். நச்சுவாயுப் பிரிவு ஒன்றில் பணியாற்றினார். நண்பரும் சக இயக்குநருமான சாடாவோ யமனாக்கா அப்போரில் நோயுற்று இறந்தார். 1939-இல் திரும்பிய ஓசு, 1942-இல் ‘ஒரு தந்தை இருந்தார்’ என்னும் படத்தை எடுத்தார். கல்விச் சுற்றுலாவில் மாணவன் ஒருவன் நீரில் மூழ்கி இறந்ததற்குத் தம்மையே பொறுப்பாக்கிக்கொண்டு பணியைத் துறக்கும் ஆசிரியரின் கதை அது. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்குப் புறப்பட்டார்.

சியோனான் தீவில்

அவர் வந்திறங்கிய ஊர் எவ்வாறு இருந்தது என்பதைச் சற்று நினைவுகூர்வோம். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷார் சரணடைந்தனர். தீவின் பெயர் சியோனான் என்று மாற்றப்பட்டது. அடுத்த சில வாரங்களில் சீன ஆடவர் பல்லாயிரவர் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். பிப்ரவரி 17-ஆம் நாள், சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஒன்றுகூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் தோற்றம் அத்திடலோடு தொடர்புடையது. 1943 ஜூலை மாதம் போஸ் இங்கு வந்தார். ஜூலை 5-ஆம் நாள் பாடாங்கில் படையைப் பார்வையிட்டு டெல்லியை நோக்கிச் செல்லுமாறு முழங்கினார். அக்டோபர் 22-ஆம் நாள் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்து இங்கு மருத்துவப் பணி செய்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. தோட்டப்புறத் தமிழ்ப் பெண்களும் நகரத்து நங்கையரும் அப்படையில் சேர்ந்தனர்.

ஓசுவுக்கு முதலில் ஒப்படைக்கப்பட்டது பர்மாப் போரைப் பற்றிய படம். அது கைவிடப்பட்டது. பின்னரே, ‘டெல்லியை நோக்கி’ என்னும் பொருளுடைய தலைப்பில் இந்திய விடுதலைப் படையைப் பற்றிய படம் திட்டமிடப்பட்டது. சில காட்சிகள் எடுக்கப்பட்டன. ஆனால் 1944-இல் இம்பால் போர்முனையில் படைகள் தோற்றுத் திரும்பின. கடல்வழி, வான்வழி இரண்டும் நெருக்கடிக்கு உள்ளாயின. படம் நின்றது.

கையில் வேலையின்றிப் போன இயக்குநருக்கு இந்நகரத்தில் ஒரு புதையல் காத்திருந்தது. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற ஹாலிவுட் படச்சுருள்கள் ஜப்பானிய இராணுவத்தின் வசம் இருந்தன. போர்க்காலத்தில் ஜப்பானில் பொதுமக்கள் பார்க்க இயலாத படங்கள் அவை. ‘சிட்டிசன் கேன்’, ‘கான் வித் த விண்ட்’, ‘ரெபெக்கா’, வால்ட் டிஸ்னியின் ‘ஃபேன்டேசியா’ என நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை ஓசு பார்த்தார். ‘ஃபேன்டேசியா’வைப் பார்த்தபோது, நாம் மோதும் எதிரி நமக்கு ஏற்ற எதிரியல்லன் என்று தமக்குத் தோன்றியதாகப் பின்னாளில் அவர் கூறியுள்ளார். போரின் முடிவைப் பலர் போர்முனையில் உணர்ந்தனர். ஓசு அதைத் திரையில் உணர்ந்தார்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஓசு இங்கு விருந்தினராக வரவில்லை. ஆக்கிரமித்த இராணுவத்தின் பரப்புரைப் பணியாளராக வந்தார். அவர் அமெரிக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அதே காலப்பகுதியில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் அவர்களுள் பெருந்தொகையினர் மாண்டனர். ‘டெல்லியை நோக்கி’ முடிவுபெற்றிருந்தால், அணிவகுத்துச் சென்ற தமிழர் முகங்களை அதில் நாம் கண்டிருக்கக்கூடும். சயாமில் புதைந்தவர்களைக் கண்டிருக்க மாட்டோம். ஆகவே அந்தப் படம் இல்லாமற்போனதை எண்ணிப் பெருமூச்செறிவதற்கு முன், அது எந்த உண்மையைச் சொல்லாமல் விட்டிருக்கும் என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. எடுத்த படச்சுருளும் கதைவசனப் படிகளும் எரிக்கப்பட்டன. அடுத்த மாதம், எஸ்பிளனேடில் போஸ் அடிக்கல் நாட்டியிருந்த இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்தைத் திரும்பிவந்த பிரிட்டிஷார் தகர்த்தனர். படச்சுருளை ஒரு தரப்பு எரித்தது, கல்லை மறுதரப்பு தகர்த்தது. இரண்டும் சில வாரங்களுக்குள் நடந்தவை.

ஓசு ஜூரோங்கில் இருந்த குடிமக்கள் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை பால்மரத் தோட்டத்தில். மலாயாவில் இரண்டு தலைமுறையாகத் தமிழர் கைபட்ட மரங்களினிடையே ஜப்பானின் புகழ்பெற்ற இயக்குநர் கூலியாளாக நின்றார். முகாமில் தோழர்களுடன் சேர்ந்து ஜப்பானியத் தொடர்பாக்கள் புனைந்து பொழுதைக் கழித்தார். முதற்கப்பல் வந்தபோது திரைப்படக் குழுவினர் 32 பேருள் 28 பேருக்கே இடம் இருந்தது. குலுக்கலில் ஓசுவின் பெயர் வந்தது. வீடு திரும்பத் துடித்த வேறொருவருக்குத் தம் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு அவர் தங்கினார். 1946 பிப்ரவரியில்தான் தாய்நாடு சேர்ந்தார்.

மீண்டும் வீட்டுக்கு

இவ்வளவும் கண்டு திரும்பிய ஒருவர் போர்ப்படம் எடுத்திருக்கலாம்; சிங்கப்பூரைப் பற்றியே எடுத்திருக்கலாம். ஓசு எடுக்கவில்லை. நூறு ஹாலிவுட் படங்களின் பகட்டையும் அவர் பின்பற்றவில்லை. வீட்டுக்குள் நுழைந்து பாயில் அமர்ந்துவிட்டார். இதை உவமையாக மட்டும் கூறவில்லை. அவருடைய ஒளிப்படக் கருவி பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்தினும் தாழ்வாக வைக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் அசையாது. எடுத்துக்கொண்ட பொருளும் ஏறக்குறைய ஒன்றே: மகளுக்குத் திருமணம் முடிப்பது, பெற்றோர் முதுமையடைவது, பிள்ளைகள் பிரிந்து செல்வது. எழுத்தாளர் கோகோ நோடாவுடன் சேர்ந்து கதை எழுதினார். நடிகர் சிஷூ ரியூ ஏறக்குறைய அவருடைய எல்லாப் படங்களிலும் தோன்றினார். 1949-இல் ‘பிந்திய வசந்தம்’, 1951-இல் ‘முந்திய கோடை’, 1953-இல் ‘டோக்கியோ கதை’ என ஒவ்வொன்றாக வந்தன.

‘டோக்கியோ கதை’யின் கதையை இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். ஓனோமிச்சி என்னும் துறைமுக ஊரில் வாழும் முதிய பெற்றோர், டோக்கியோவில் வாழும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்கின்றனர். பிள்ளைகளுக்கு நேரமில்லை, போரில் மாண்ட மகனின் மனைவி நோரிகோ மட்டுமே அன்புடன் பேணுகிறாள். ஊர் திரும்பிய சின்னாளில் தாய் இறக்கிறாள். 2012-இல் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் நடத்திய வாக்கெடுப்பில் உலக இயக்குநர்கள் இப்படத்தையே முதலிடத்தில் வைத்தனர்.

போர் இப்படங்களில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, வராத மகனாக இருக்கிறது. ‘முந்திய கோடை’யில் ஒரு மகன் போர்முனையிலிருந்து திரும்பவில்லை. ‘டோக்கியோ கதை’யில் இறந்த மகனின் நிழற்படம் இருக்கிறது. இறுதிப் படத்தில் முன்னாள் கடற்படையினர் இருவர் மதுக்கடையில் அமர்ந்து, போரில் வென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று விளையாட்டாகப் பேசுகின்றனர். தோற்றதும் நன்றே என்பது முன்னாள் கப்பல் தலைவரின் எண்ணம். எவரும் குரலை உயர்த்துவதில்லை. பர்மாவுக்குச் சென்ற அண்ணனின் படத்திற்கு மாலையிட்டு வைத்திருந்த வீடுகள் சிராங்கூன் வட்டாரத்திலும் இருந்தன. அவ்வீடுகளிலும் போர் இவ்வாறுதான் தங்கியிருந்தது.

அவர் படங்களில் காட்சிக்கும் காட்சிக்கும் இடையே ஆளில்லாத சில காட்சிகள் வரும்: உலரும் துணிகள், புகைபோக்கி, பூச்சாடி, கடந்து செல்லும் ரயில். மேலைத் திறனாய்வாளர் இவற்றுக்கு ஜப்பானியச் செய்யுளின் தலையணைச்சொல் என்னும் மரபிலிருந்து பெயர் சூட்டினர். தமிழ் மாணவர்க்கு வேறொரு திறவுகோல் கையிலேயே உள்ளது. தொல்காப்பியம் அகத்திணைக்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்று கூறும். தலைவியின் துயரைச் சொல்லாமல் அவள் வாழும் நிலத்தின் பறவையையும் மரத்தையும் சொல்லி, துயரை நாமே உணரச்செய்வது அம்மரபு. ஓசுவின் உலரும் துணியை ஒரு கருப்பொருளாகக் கொண்டு பாருங்கள்; அந்தக் காட்சி ஏன் அங்கு நிற்கிறது என்பது விளங்கும்.

அண்ணனும் தம்பியும் முகமனும்

இனி நம் துறைக்கு வருகிறோம். ஜப்பானியம் தெரியாத தமிழர் ஒருவர் ஓசுவின் படத்தைத் துணையெழுத்துடன் பார்த்தால், ஆங்கிலத் துணையெழுத்து எதையோ தவறவிடுவதை விரைவில் உணர்வார். ஜப்பானியத்தில் அண்ணன் ‘அனி’, தம்பி ‘ஓதோதோ’, அக்காள் ‘அனே’, தங்கை ‘இமோதோ’. மூத்தவரை முறைப்பெயரால் அழைப்பர். இளையவரைப் பெயர் சொல்லி அழைப்பர். நம் வீட்டு வழக்கமும் இதுவே. ஆங்கிலத்தில் இந்நான்கும் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. வினைமுற்று தொடரின் இறுதியில் வருவதும், மரியாதை அவ்வினைமுற்றின் வடிவில் தோன்றுவதும் இரு மொழிகளுக்கும் பொது. வா, வாருங்கள் என்பவற்றுக்கிடையே நாம் தேர்ந்தெடுப்பதைப் போலவே ஓசுவின் மாந்தரும் ஒவ்வொரு தொடரின் ஈற்றிலும் உறவின் தொலைவை அளக்கின்றனர்.

இவ்வொற்றுமைகளைக் கண்டு ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் உறவு உண்டு எனப் பல நூல்கள் எழுதினார். வரலாற்று மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அமைப்பு ஒத்திருப்பதனால் மட்டும் இரு மொழிகள் ஒரு குடும்பத்தவை ஆகிவிடா. மாணவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். உறவு இருக்கிறதோ இல்லையோ, ஒரு ஜப்பானிய வீட்டின் பேச்சைத் தமிழர் எளிதில் உணர இவ்வொற்றுமைகள் உதவுகின்றன என்பது உறுதி.

1959-இல் ஓசு எடுத்த ‘ஒஹாயோ’ மொழியியல் வகுப்பில் பாடமாக வைக்கத்தக்க படம். தலைப்பின் பொருள் காலை வணக்கம் என்பதே. தொலைக்காட்சிப் பெட்டி வேண்டுமென்று அடம்பிடிக்கும் இரு சிறுவர்களைத் தந்தை அதட்டுகிறார்: வீண்பேச்சு வேண்டா என்கிறார். மூத்தவன் திருப்பிக் கேட்கிறான். பெரியவர்களும் காலை வணக்கம், மாலை வணக்கம், நல்ல வானிலை என்று வீண்பேச்சுத்தானே பேசுகிறீர்கள்? அதன்பின் இருவரும் வாய்திறப்பதில்லை. அண்டை வீட்டு அம்மையாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. உடனே அவர், சிறுவர்களின் தாய்க்குத் தம்மேல் ஏதோ மனத்தாங்கல் என்று முடிவு செய்கிறார். தெருவெங்கும் ஐயம் பரவுகிறது. இரு சிறுவர்கள் ஒரு சொல்லை நிறுத்தியதனால் ஒரு தெருவின் உறவே ஆட்டம் காண்கிறது. படத்தின் முடிவில், ஒருவரையொருவர் விரும்பும் இளைஞனும் இளம்பெண்ணும் ரயில் நிலையத்தில் நின்று வானத்தையும் மேகத்தையும் பற்றியே பேசுகின்றனர். வேறெதுவும் சொல்வதில்லை, எல்லாம் சொல்லப்பட்டுவிடுகிறது.

செய்தி கூறுவதற்காக அன்றி உறவைப் பேணுவதற்காகவே பேசப்படும் இவ்வகைப் பேச்சை மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923-இல் விளக்கினார். தமிழில் இதற்கு முகமன் என்னும் பழஞ்சொல் உண்டு. “சாப்பிட்டாச்சா?” என்று கேட்பவர் நம் வயிற்றைப் பற்றி விசாரிக்கவில்லை. சிங்கப்பூரில் சீனரும் மலாய்க்காரரும் தத்தம் மொழிகளில் இதையே கேட்பர். ‘டோக்கியோ கதை’யின் தொடக்கத்தில் பக்கத்து வீட்டுப் பெண்மணி சன்னல் வழியாக எட்டிப்பார்த்துப் பயணம் நலமாகுக என்கிறாள். இறுதியில், மனைவியை இழந்து முதியவர் தனியே அமர்ந்திருக்கையில் அதே பெண்மணி அதே சன்னலில் தோன்றுகிறாள். தனிமையாக இருக்குமே என்கிறாள். இனிப் பொழுது நீண்டுபோகும் என்ற பொருள்பட அவர் பதில் சொல்கிறார். அடுத்த வீட்டுக்காரர்கள் நாள்தோறும் பேசுவது போன்ற இரண்டு தொடர்கள்தாம் அவை. ஒரு வாழ்க்கையின் துயர் முழுவதும் அவற்றில் அடங்கியிருக்கிறது.

ஓனோமிச்சியின் முதியவர்கள் பேசுவது டோக்கியோவின் பேச்சன்று. மேற்குப் பகுதி வட்டார வழக்கு. நடிகர் ரியூ கியூஷூத் தீவிலிருந்து வந்தவர்; பிறந்த ஊரின் ஒலிப்பு அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. ஓசு அதைத் திருத்தி அழிக்கவில்லை. ஆசிரியர்கள் இதனைக் கருத வேண்டும். மாணவர் வாயில் வரும் வீட்டுத்தமிழைப் பிழை என்று ஒதுக்குவதற்கு முன், அது எந்த வீட்டின் எத்தனை தலைமுறைப் பேச்சு என்று கேட்பது நல்லது. எழுத்துத்தமிழைக் கற்பிப்பது நம் கடமை. அதற்காக வீட்டுத்தமிழை வெட்கத்திற்குரியதாக்கிவிட்டால் இரண்டையும் இழப்போம்.

நாம் நிறுத்திய ஒலிப்பதிவு

இங்கே நம் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1980-களில், ஆய்வு மாணவப் பருவத்தில், சிராங்கூன் சாலைக்குப் பின்னாலுள்ள ஒரு வீட்டுக்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றோம். அறுபது வயதை எட்டிய அம்மையார் ஒருவர் பொறுமையாக விடையளித்தார். நம் கையில் சொற்பட்டியல் இருந்தது: உறவுமுறைப் பெயர்கள், உடலுறுப்புகள், சமையற்கலங்கள். பட்டியலின் நடுவே அவர் சொல்லத் தொடங்கினார்: “வாட்டர்லூ ஸ்த்ரீட்டுல எங்களுக்குத் துப்பாக்கி புடிக்கச் சொல்லிக் குடுத்தப்போ எனக்குப் பதினேழு வயசு.” ஒலிநாடா தீர்ந்துவிடும் என்று அஞ்சிய நாம் கருவியை நிறுத்திவிட்டோம். அவர் பேசி முடித்ததும் மீண்டும் இயக்கி, அடுத்த சொல்லைக் கேட்டோம். அகப்பைக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?

அந்த ஒலிநாடாவில் இன்று அகப்பை இருக்கிறது; வாட்டர்லூ தெரு இல்லை. சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தேடிச் சென்றபோது அவர் காலமாகியிருந்தார். ‘டெல்லியை நோக்கி’ எரிந்த செய்தியைப் படித்தபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது நாம் அன்று அழுத்திய அந்தப் பொத்தான்தான். ஓசுவின் குழுவினர் எரித்தது தோல்வியின் அச்சத்தினால். நமக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. அறுபது நிமிட நாடாவைச் சிக்கனப்படுத்தினோம், அவ்வளவே.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒன்று கூறுகிறது. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர் இந்தியர் 2010-இல் 36.7 விழுக்காட்டினர், 2020-இல் 27.9 விழுக்காட்டினர். பள்ளியிலும் வானொலியிலும் மேடையிலும் தமிழ் இருக்கிறது. அவை பெரும்பாலும் எழுதிப் பேசும் தமிழ், அல்லது அவைக்கேற்பத் திருத்திய தமிழ். பேத்தியிடம் பாட்டி சலித்துக்கொள்ளும் தமிழ், அண்ணனும் தங்கையும் சண்டையிடும் தமிழ், மகளின் திருமணப் பேச்சைத் தொடங்கத் தயங்கும் தந்தையின் தமிழ் ஆகியவை வீட்டில் மட்டுமே வாழ்கின்றன. அங்கே அவை நின்றுவிட்டால், வேறெங்கும் தேடிக் கண்டெடுக்க இயலாது.

மாணவர்களுக்கு இன்று ஒரு சிறு வேலை தருகிறோம். உங்கள் கையிலுள்ள கைப்பேசியில் நாடா தீர்ந்துபோகும் அச்சமில்லை. இவ்வார இறுதியில் வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரின் அருகில் அமருங்கள். அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். பட்டியல் கொண்டு செல்லாதீர்கள். கேள்வி ஒன்று கேட்டபின் வாய்மூடி இருங்கள். அவர் எங்குச் செல்கிறாரோ அங்கே செல்லவிடுங்கள். பேச்சினிடையே அமைதி நேர்ந்தால் அதையும் பதிவாக விட்டுவையுங்கள். முடிந்ததும் தேதியையும் இடத்தையும் குறித்து வையுங்கள். ஆசிரியர்கள் இதனை வாய்மொழிப் பயிற்சியின் ஒரு பகுதியாக ஏற்கலாம். பத்து ஆண்டுகளில் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லாத ஒரு செல்வம் நம் பள்ளிகளிடம் சேர்ந்திருக்கும்.

ஓசு திருமணம் செய்துகொள்ளவில்லை, தாயுடனேயே வாழ்ந்தார். தாயார் 1962 தொடக்கத்தில் மறைந்தார். அவ்வாண்டிலேயே அவரது இறுதிப் படம் வெளிவந்தது. 1963 டிசம்பர் 12-ஆம் நாள், தம் அறுபதாம் பிறந்தநாளன்று, புற்றுநோயால் ஓசு காலமானார். ஜப்பானியர்க்கும் நமக்கும் அறுபதாண்டுச் சுழற்சி பொது. நாம் மணிவிழா எடுக்கும் அந்த அகவையை அவர்களும் சிறப்புடன் கொண்டாடுவர். ஒரு சுழற்சி நிறைந்த அன்றே அவர் விடைபெற்றார். காமாகுராவிலுள்ள அவரது கல்லறையில் பெயர் இல்லை. இன்மை என்னும் பொருளுடைய ஒற்றை எழுத்து மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளது.

பெயர் இல்லாத கல்லின் கீழ் உறங்குபவர் ஒரு நாட்டின் வீட்டுப்பேச்சை விட்டுச்சென்றிருக்கிறார். அவருடைய படம் ஒன்று இந்நகரில் எரிந்தது. அதை மீட்க எவராலும் இயலாது. எரியாத படம் ஒன்று உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் இன்று மாலையும் ஓடிக்கொண்டிருக்கும். வீடு திரும்பியதும் “சாப்பிட்டாச்சா?” என்ற குரல் கேட்டால், ஒரு சொல்லில் மறுமொழி கூறி அறைக்குள் சென்றுவிடாதீர்கள். சற்று அமருங்கள்.